கொக்கு இல்லாத குளம்

வண்ண மீன் கடையில் விற்கும் சாதாரணத் தொட்டி ஒன்றை உற்றுப் பார்த்தால், உலகப் படமே அதற்குள் கலைந்து கிடக்கும். சீனர்கள் நூற்றாண்டுக் கணக்கில் வளர்த்தெடுத்த கோல்ட் ஃபிஷ், அமேசான் படுகையின் ஏஞ்சல், தாய்லாந்தின் ஃபைட்டர். அடியில் நீலச் சாயம் ஏற்றிய கூழாங்கல், மூலையில் ஒரு பிளாஸ்டிக் தாமரை. சங்கரன்கோவில், கோவில்பட்டி, ராஜபாளையம் என எந்த ஊர்க் கடைக்குப் போனாலும் இதே சரக்குதான். இந்தப் பக்கத்துத் திருவேங்கடம் என்ற ஊரின் ஒருவர் ஆசையாகத் தொட்டி வாங்கி வீட்டுக் கூடத்தில் வைத்தால், ஊரைச் சுற்றியிருக்கும் கரிசல் கண்மாய்களில் நீந்தும் மீன் ஒன்றுகூட அதில் இருக்காது.

இதற்கு நேரெதிரான வழி ஒன்று உண்டு. வளர்ப்பவர்கள் அதை ‘பயோடோப்’ தொட்டி என்கிறார்கள். ஏதாவது ஓர் ஆற்றையோ குளத்தையோ எடுத்துக்கொண்டு, அதன் ஒரு சின்ன இடத்தை அப்படியே வீட்டுக்குள் கொண்டுவர முயல்வது. அங்கே வாழும் மீன்தான் இருக்க வேண்டும். அங்கே கிடக்கும் கல், அங்கே உதிரும் இலை, அங்கே ஓடும் வேகம். இதற்கென்றே உலக அளவில் போட்டிகள் நடக்கின்றன. எந்த ஆறு, எந்தப் பகுதி, எந்தப் பருவம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த ஊரில் இல்லாத செடி ஒன்று தொட்டிக்குள் இருந்தாலும் மதிப்பெண் குறையும்.

பொழுதுபோக்கு என்று சொல்லி இதைக் கடந்துவிடலாம்தான். ஆனால் ஒரு சிற்றுலகைத் தன் கையால் படைத்து, அதில் உயிர்களைக் குடிவைத்து, அவற்றின் வெளிச்சத்தையும் இருளையும் உணவையும் தானே தீர்மானிக்கிற மனிதர், சமயங்கள் காலங்காலமாகக் கடவுளைப் பற்றிக் கேட்டுவந்த கேள்விகளுக்குள் தெரியாமலே கால் வைத்துவிடுகிறார். படைத்தவருக்கு உரிமை எவ்வளவு, கடமை எவ்வளவு? யாருக்காகப் படைத்தார்? படைப்பில் எதைச் சேர்த்தார், எதை விட்டார்?

வீட்டுக்குள் நீருலகம் வைக்கும் பழக்கத்தைப் பரப்பிய ஆங்கிலேயர் ஃபிலிப் ஹென்றி காஸ் (1810–1888) இந்தக் கேள்விகளோடுதான் வாழ்நாளெல்லாம் மல்லுக்கட்டினார். 1853-ல் லண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் பொதுமக்களுக்காக மீன் இல்லம் திறக்கப்பட்டபோது, அதற்குக் கடலுயிர்களைச் சேகரித்துக் கொடுத்தவர் அவர். மறு ஆண்டு வெளிவந்த ‘தி அக்வேரியம்’ என்ற அவருடைய நூல் இங்கிலாந்து முழுக்க ஒரு மோகத்தையே கிளப்பிவிட்டது. காஸ் பிளிமத் சகோதரர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர். பைபிள் சொல்லும் படைப்பு வரலாற்றை எழுத்துக்கு எழுத்து நம்பியவர். அதே சமயம் கூர்மையான இயற்கை ஆய்வாளர். பாறைகளில் உள்ள புதைபடிவங்கள் பூமியின் வயது மிகப் பெரியது என்று சொல்வதை அவரால் மறுக்கவும் முடியவில்லை, ஏற்கவும் முடியவில்லை.

டார்வினின் நூல் வெளிவருவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, 1857-ல், அவர் ‘ஓம்ஃபலோஸ்’ என்ற நூலை எழுதினார். தாய் வயிற்றில் பிறக்காத ஆதாமுக்குத் தொப்புள் இருந்திருக்குமா என்பதிலிருந்து அவருடைய வாதம் கிளம்புகிறது. இருந்திருக்கும் என்றார் காஸ். அப்போதுதான் படைக்கப்பட்ட மரத்தைக் குறுக்கே வெட்டினாலும் உள்ளே ஆண்டு வளையங்கள் இருந்திருக்கும். கடவுள் உலகைப் படைக்கும்போதே அதற்கு ஒரு பழமையையும் சேர்த்தே படைத்தார். புதைபடிவங்களும் அந்த ஏற்பாட்டில் அடக்கம் என்பது அவர் கண்ட தீர்வு. அதை யாரும் ஏற்கவில்லை. அறிவியலாளர்களும் ஏற்கவில்லை, இறையடியார்களும் ஏற்கவில்லை. காஸின் தொட்டிகளைப் புகழ்ந்து எழுதிய பாதிரியார் சார்ல்ஸ் கிங்ஸ்லியே, இறைவன் பாறைகளின் மேல் இவ்வளவு பெரிய பொய்யை எழுதிவைத்திருப்பான் என்று தம்மால் நம்ப முடியாது என்று கைவிரித்துவிட்டார்.

இன்றைய பயோடோப் தொட்டிக்காரர் செய்வதும் காஸ் சொன்ன படைப்பு போலத்தான். நேற்று வாங்கிய கண்ணாடிப் பெட்டி. அதில் பாதி மக்கிய மருத இலை, பாசி படர்ந்த கல், ஆண்டுக் கணக்கில் நீரில் ஊறியது போன்ற வேர்க்கட்டை. இலையிலிருந்து இறங்கும் சாறு தண்ணீரைத் தேநீர் நிறத்துக்குக் கொண்டுவரும். ஒரு பிற்பகல் வேலையில் அந்தத் தொட்டிக்கு ஐம்பது வயது வந்துவிடுகிறது. வெள்ளமே வராத இடத்தில் வெள்ளம் வந்து வடிந்த தடம் தெரிகிறது.

பார்வைக்கு மட்டும்தான் அந்த வயது. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா அதற்கே விஷம். அதை நைட்ரைட்டாகவும், பிறகு தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகிற நுண்ணுயிர்கள் மணலிலும் ஃபில்டரிலும் பெருகியாக வேண்டும். அதற்கு நான்கிலிருந்து ஆறு வாரங்கள் பிடிக்கும். எவ்வளவு பழைய கட்டையைப் போட்டாலும், எவ்வளவு மக்கிய இலையைப் பரப்பினாலும் அந்த வாரங்களைச் சுருக்குவது கடினம். புதுத் தொட்டியில் அன்றைக்கே மீனை விட்டு, ஒரு வாரத்தில் எல்லாம் செத்து மிதப்பதைக் கண்டவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். மனிதப் படைப்பாளியால் பழமையின் தோற்றத்தை உண்டாக்க முடிகிறது. காலத்தைக் காத்திருந்துதான் பெற முடிகிறது. கல்லை அடுக்கி முடித்துவிட்டு, மீன் இல்லாத வெறுந்தொட்டியை ஒரு மாதம் பார்த்துக்கொண்டிருக்கும் பொறுமை இந்தக் கலையின் பாதி.

இனி, யாருக்காக என்ற கேள்வி. சைவ சித்தாந்தம் இதில் மிகத் தெளிவான நிலை எடுக்கிறது. உயிர்களுக்குத் தனு, கரணம், புவனம், போகம் ஆகியவற்றை இறைவன் அளிக்கிறான்: உடல், கருவிகள், வாழிடம், நுகர்ச்சி. இவற்றால் அவனுக்கு ஆகவேண்டியது ஒன்றும் இல்லை. உயிர் தன்னைப் பிணித்திருக்கும் மலம் என்னும் கட்டிலிருந்து விடுபடுவதற்காகவே இந்த ஏற்பாடு முழுவதும். உலகம் உயிருக்காகவே தவிர, பார்த்து மகிழ்பவருக்காக அல்ல என்பது இதன் சாரம்.

இந்த அளவுகோலை நீர்த்தோட்டக் கலையின் மாபெரும் பெயரான தகாஷி அமானோ (1954–2015) மீது வைத்துப் பார்க்கலாம். ஜப்பானின் நீகாதாவைச் சேர்ந்த அவர் அடிப்படையில் புகைப்படக் கலைஞர். அமேசானிலும் போர்னியோவிலும் மழைக்காடுகளைப் படமெடுத்தவர். ஜப்பானியத் தோட்டங்களில் கல் அடுக்கும் மரபைக் கண்ணாடித் தொட்டிக்குள் கொண்டுவந்து, ‘நேச்சர் அக்வேரியம்’ என்ற பாணியை உருவாக்கினார். அவருடைய கடைசிப் பெரும்படைப்பு லிஸ்பன் கடலகத்தில் 2015-ல் திறக்கப்பட்டது: 40 மீட்டர் நீளம், ஒரு லட்சத்து அறுபதாயிரம் லிட்டர் நன்னீர். அழகில் அதற்கு இணை சொல்வது கடினம். ஆனால் அந்தப் பாணித் தொட்டிகள் முதலில் மனிதக் கண்ணுக்காக அமைந்தவை. செடி ஆசியாவில் இருந்து வரலாம், மீன் தென்னமெரிக்காவில் இருந்து வரலாம். காட்சி கெடாத வரை குற்றமில்லை. பயோடோப்காரரோ மீனிடம் கேட்டுவிட்டு வேலையைத் தொடங்குகிறார். உனக்கு எவ்வளவு ஓட்டம் வேண்டும், எந்த நிழலில் ஒதுங்குவாய், எந்தத் தரையில் மேய்வாய்? சித்தாந்தம் சொல்லும் படைப்புக்கு இது சற்றுக் கிட்டத்தில் வருகிறது. ஒன்றே ஒன்று குறைகிறது, அதுதான் பெரியது. அங்கே புவனம் கொடுப்பதன் நோக்கம் விடுதலை. தொட்டியில் விடுதலைக்கு இடமில்லை.

மீனிடம் கேட்டுத் தொடங்கும் இந்த வேலைக்கு எடுத்துக்காட்டாகத் தாமிரபரணியை எடுத்துக்கொள்ளலாம். பொதிகையில் பிறந்து சுமார் 125 கிலோமீட்டர் ஓடிப் புன்னைக்காயலில் கடல் சேரும் இந்த ஆற்றுக்கே உரிய கெண்டை இனம் ஒன்று உண்டு. 1950களில் மீனியல் அறிஞர் ஈ.ஜி. சைலாஸ் அதை விவரித்து, ஆற்றின் பெயரையே வைத்தார். 2012-ல் இலங்கை ஆய்வாளர் ரோஹன் பெத்தியகொடவும் அவருடைய குழுவினரும் அதையும் அதன் உறவு மீன்களையும் ‘டாகின்சியா’ என்ற புதிய பேரினத்தில் சேர்த்தார்கள். கடவுள் மறுப்புக்குப் பேர்போன உயிரியலாளர் ரிச்சர்ட் டாகின்ஸைச் சிறப்பிக்கும் பெயர் அது. புஷ்கரம் கொண்டாடும் புனித ஆற்றில் அந்தப் பெயரைச் சுமந்துகொண்டு அந்த மீன் நீந்துகிறது. படைப்பு பற்றிய விவாதத்தின் இரண்டு கரைகளும் அதற்குச் சொந்தம்.

வளர்ந்த ஆண் மீனின் முதுகுத் துடுப்பிலிருந்து மெல்லிய நூல்கள் நீண்டு பின்னால் அலையும். அதற்குத் தொட்டி அமைக்க வேண்டுமென்றால் நாலடி நீளமாவது வேண்டும். ஒரு பக்கத்திலிருந்து பம்ப் வைத்து ஓட்டம் கொடுக்க வேண்டும். மீன்கள் அதை எதிர்த்து முகம் வைத்து நிற்கும். கற்கள் உருண்டிருக்க வேண்டும், உடைந்த முனை கூடாது. ஓட்டம் நேராக மோதும் முகத்தில் மணல் தங்காது, கல்லின் முதுகுப் பக்கத்தில்தான் ஒதுங்கும். இலைகளும் அங்கேதான் சேரும். இதையெல்லாம் படத்தைப் பார்த்து அறிய முடியாது. பாபநாசத்திலோ மணிமுத்தாறு பக்கமோ முழங்கால் தண்ணீரில் அரைநாள் நின்றால்தான் பிடிபடும். நகலெடுக்கப் போகிறவர் முதல்முறையாக மூலத்தைப் பார்க்கிறார். இந்தக் கலைக்கு ஓர் ஆன்மிக மதிப்பு உண்டு என்றால் அது இந்தப் பார்வையில்தான் இருக்கிறது. அந்த மீன் அழிவின் விளிம்பை நோக்கிப் போகும் இனம் என்பதால், காட்டு ஆற்றில் போய் அதைப் பிடித்துவருவதை எந்தப் பார்வையும் நியாயப்படுத்தாது.

அன்பே அழிவாக மாறிய கதைகள் நிறைய இருக்கின்றன. காஸ் கிளப்பிவிட்ட மோகத்தில் இங்கிலாந்தின் கடலோரப் பாறைக் குட்டைகள் சூறையாடப்பட்டன. தந்தையின் நூல்களே அதற்குக் காரணமாயின என்று அவருடைய மகன் எட்மண்ட் காஸ் 1907-ல் வருந்தி எழுதினார். கேரள ஆறுகளின் செங்கோட்டு அழகியான ‘மிஸ் கேரளா’ கெண்டைக்கு 1997-ல் சிங்கப்பூர் வண்ண மீன் கண்காட்சியில் பரிசு கிடைத்தது. அதன் பிறகு அது வலை வலையாக வாரப்பட்டு, கேரள அரசு 2008-ல் கட்டுப்பாடு விதிக்க வேண்டியதாயிற்று.

எதை விட்டோம் என்ற கேள்விதான் மிகவும் சங்கடமானது. மதுரைப் பொற்றாமரைக் குளத்தைப் பற்றித் திருவிளையாடற் புராணம் சொல்லும் நாரையின் கதையை எல்லோரும் அறிவார்கள். மழை பொய்த்துத் தன் குளம் வற்றியதால் இடம்பெயர்ந்த நாரை, முனிவர்கள் நீராடும் தீர்த்தத்து மீன்களைத் தின்ன மனம் வராமல் பட்டினி கிடந்து, மதுரைக்கு வந்து முத்தி பெற்றது. அப்போது அது கேட்ட வரம், இந்தக் குளத்தில் மீனே இருக்கக் கூடாது என்பது. பின்னால் வரும் நாரைகள் பாவம் செய்யாமல் இருக்கட்டும் என்று. இரையையே நீக்கிவிட்ட குளம் அது. வீட்டுத் தொட்டி அதன் மறுபக்கம்: மீன் இருக்கிறது, கொக்கு இல்லை. தண்ணீர்ப் பாம்பு இல்லை, தூண்டில் இல்லை. கரிசல் கண்மாய் சித்திரையில் வெடித்துப் பாளம் பாளமாகக் கிடக்கும்போது அதன் மீன்களில் பெரும்பாலானவை செத்திருக்கும். மிச்சம் குழம்பில் கொதித்திருக்கும். எவ்வளவு நேர்மையாக நகலெடுத்தாலும் இந்தக் கோடையை யாரும் தொட்டிக்குள் கொண்டுவருவதில்லை.

திருவேங்கடத்துக் கண்மாயை நகலெடுப்பதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. மழைக் காலத்தில் கரிசல் மண் கரைந்த தண்ணீர் லேசில் தெளியாது. அதை உள்ளபடி நகலெடுத்தால் கண்ணாடிக்குப் பின்னால் கலங்கல்தான் தெரியும், மீன் தெரியாது. ஆகவே தை மாதத்துக் கண்மாயைத் தேர்ந்தெடுக்க வேண்டும்: வண்டல் இறங்கி, வேலம்பாசி எழும்பி, ஓரத்தில் கருவேல நிழல் விழும் பருவம். ஆண்டின் ஒரு மாதத்தை எடுத்துக்கொண்டு மற்றவற்றை மறுப்பது. அதை மோசடி என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் இப்படிச் சாவு நீக்கிய இயற்கையை இயற்கை என்று பிள்ளைகளுக்குக் காட்டினால், கண்மாய் வற்றும்போது அவர்களுக்கு அது ஒரு விபத்தாகத் தோன்றும்.

சாவைத் தவிர்த்தது கருணைதானே என்று கேட்கலாம். இதற்குப் பதில் தேடி வெகுதூரம் போக வேண்டாம். பக்கத்துக் கழுகுமலையில், எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்து வெட்டுவான் கோயிலுக்கு அருகே, பாறை முழுக்கத் தீர்த்தங்கரர் சிற்பங்கள் வரிசை வரிசையாக இருக்கின்றன. வட்டெழுத்துக் கல்வெட்டுகள் அங்கே பாடம் சொன்ன ஆண், பெண் துறவிகளின் பெயர்களைத் தாங்கி நிற்கின்றன. படைப்புக் கடவுளை ஏற்காத சமயம் சமணம். அதனால் படைத்தவருக்கு உரிமை உண்டா என்ற கேள்வியே அங்கே எழவில்லை. உயிர்களிடம் எப்படி நடந்துகொள்கிறாய் என்பது மட்டுமே கேள்வி. இல்லறத்தாரின் கொல்லாமை நோன்புக்கு ஐந்து மீறல்களைத் தத்துவார்த்த சூத்திரம் வரிசைப்படுத்துகிறது: கட்டிவைத்தல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், அளவுக்கு மீறிச் சுமை ஏற்றுதல், உணவும் நீரும் மறுத்தல். கொலைக்கு வெகு முன்பே, கட்டிவைப்பதிலேயே குற்றம் தொடங்கிவிடுகிறது.

வண்ண மீன் வணிகத்தை இந்தப் பட்டியலோடு ஒப்பிட்டால் மனம் பதறுகிறது. உடல் கண்ணாடி போல் தெரியும் நம் நாட்டுச் சிறுமீனின் தசைக்குள் ஊசியால் சாயம் ஏற்றி விற்கிறார்கள். அது மூன்றாவது மீறல். இரண்டடித் தொட்டியில் முப்பது மீனை அடைப்பது நான்காவது. உருண்டைக் கிண்ணத்தில் ஒற்றை மீனை வைத்து மேசையை அலங்கரிப்பதை முதல் மீறலிலேயே சேர்க்கலாம்.

ஆனால் சமண உரைகாரர்கள் விவசாயிகள் மாடு கட்டித்தான் வாழ வேண்டும் என்பதையும் அறிந்திருந்தார்கள். கட்டுவதென்றால் இறுக்காமல் கட்டு என்றார்கள். தீப்பிடித்தால் விலங்கு தானே விடுபட்டு ஓடும் அளவுக்கு முடிச்சு தளர்ந்திருக்க வேண்டும். கண்ணாடித் தொட்டிக்குத் தளர்ந்த முடிச்சு எது? தொட்டியின் தீ விபத்து மின்வெட்டு. ஃபில்டர் நின்று, ஏர் பம்ப் நின்று, கூட்டம் நிறைந்த தொட்டியில் சில மணி நேரத்தில் பிராணவாயு தீர்ந்துவிடும். வேகமான ஓட்டத்தில் வாழும் தாமிரபரணி மீனுக்கு அது சாவு. அந்த முடிச்சு கரிசல் ஊரில் இறுக்கமானது. அதுவும் போர் தண்ணீர் கடினமாகவும், குழாயில் வரும் ஆற்றுத் தண்ணீர் குளோரினோடும் இருக்கும் ஊரில்.

விட்டுவிடலாமா? சீனாவிலும் தைவானிலும் பௌத்தர்கள் மீனையும் ஆமையையும் விலைக்கு வாங்கி, புண்ணியம் தேடி ஆற்றில் விடுகிறார்கள். அப்படி விடப்பட்ட அயல் இனங்கள் உள்ளூர் உயிர்களை ஒடுக்கியிருக்கின்றன. இங்கேயும் தொட்டிக்குப் பெரிதாகிவிட்ட ‘டேங்க் கிளீனர்’ மீனைக் கொல்ல மனமில்லாமல் குளத்தில் விட்டவர்கள் இருக்கிறார்கள். தென்னமெரிக்காவின் அந்தச் சக்கர் மீன் இன்று தமிழ்நாட்டு நீர்நிலைகளில் பெருகி, முள் துடுப்பால் மீனவர்களின் வலையைக் கிழிக்கிறது. ஒரு மீனுக்குக் காட்டிய இரக்கம் ஒரு குளத்துக்கே துன்பம் ஆயிற்று. அயல் மீனை வாங்கியவர் அதன் ஆயுள் முழுக்க அதற்குக் கடமைப்பட்டவர். அந்த முடிச்சை அவிழ்க்க வழியே இல்லை.

கண்ணாடி இல்லாமலே மீனைப் பேணும் வழி நம் மரபில் உண்டு. பாபநாசம் கோயில் படித்துறையில் மீன்களுக்குப் பொரி போடுகிறார்கள். துங்கை நதிக்கரையில் சிருங்கேரி மடத்தின் முன் பெரும் மீன்கள் யாருக்கும் பயப்படாமல் கூடுகின்றன. ஆறு இல்லாத கரிசல் ஊர்க்காரருக்கு அது தினமும் கிடைக்காது. அவருக்கு ஏற்றது அவர் ஊர்க் கண்மாய்தான்.

கண்மாய் மீன் குத்தகைக்காரரிடம் சொல்லிவிட்டு, ஒரு துண்டை விரித்தால் கிடைக்கும் சிறு கெண்டைக் குஞ்சுகள், நெற்றியில் வெள்ளிப் பொட்டோடு மேல்மட்டத்தில் திரியும் குட்டி மீன்கள், அயிரை. தனித் தொட்டி வைக்க முடிந்தவருக்குப் பனையேறிக் கெண்டை. இது காற்றை நேராகச் சுவாசிக்கும் மீன். அதனால் மூடிக்கும் தண்ணீருக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி விட வேண்டும், மூடியையும் இறுக்கமாகப் பொருத்த வேண்டும், இல்லையென்றால் இரவில் வெளியே வந்துவிடும். கண்மாய் மீன்கள் கடினத் தண்ணீருக்கும் வெயிலுக்கும் பழகியவை. செடி நிறைந்து மீன் குறைந்த தொட்டியில், மின்சாரம் போன நேரத்திலும் அவை தாக்குப்பிடிக்கும். வளர்ப்பவர் வெளியூர் போயிருந்தாலும் தொட்டி தன்னைத் தானே கொஞ்சம் பார்த்துக்கொள்ளும்.

முக்கியமானது வேறு. கடை மீனோடு ஒருநாளும் கலக்காமல், நோயில்லாமல் வைத்திருந்தால், இந்த மீன்களை மட்டும் பிடித்த அதே கண்மாயில் திரும்ப விடலாம். சமண உரைகாரர் சொன்ன தளர்ந்த முடிச்சு இந்த ஒரு தொட்டியில் மட்டுமே சாத்தியம். அதற்கு ஐப்பசி மழையில் கண்மாய் பெருக வேண்டும். பெருக வேண்டுமென்றால் வரத்துக்கால் அடைபடாமல் இருக்க வேண்டும், நீர்ப்பிடிப்பில் சீமைக்கருவேலம் மண்டாமல் இருக்க வேண்டும், மடையருகே பிளாஸ்டிக் குவியாமல் இருக்க வேண்டும். மழைக்கு முன்னால், புரட்டாசியிலேயே, ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்று இதைக் கேட்க வேண்டியவர்களில் கூடத்தில் தொட்டி வைத்திருப்பவரும் ஒருவர்.